முதுகில் கோடு சேர்ந்த மீன்

எந்தத் தையல்காரனும் தன் மனைவிக்குத் துணி தைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வரவேண்டும். வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

நான் தையல்காரன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலைமை நர்ஸ் ஆகப்போகிறவள். பாராட்டுக் கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு வேண்டும் என்று கறுப்பு வெள்ளைக் குறுக்குக் கோடு போட்ட துணியைக் கொடுத்தாள். கோடு போட்ட துணியில் கோட்டு தைப்பது சிங்கத்துக்குப் பல் விளக்குகிற வேலை. பட்டன் போட்டால் இடது கோடும் வலது கோடும் ஒரே கோடாகச் சேரவேண்டும். வெட்டும் நேரத்தில் ஒரு வாடிக்கையாளரோடு எனக்கு வாய்ச்சண்டை. கத்தரிக்கோலுக்கும் கோபம் வந்துவிட்டது. தைத்துப் பட்டன் போட்டேன். இடது கோடு வலது கோட்டைப் பார்த்து "யார் நீ?" என்றது. மிச்சத் துணியில் ஒரு கைக்குட்டைகூடத் தேறாது.

தைத்த கோட்டைப் பழைய துணி மூட்டைக்குள் ஒளித்துவிட்டு, "பட்டன்தான் பாக்கி" என்று நாளை ஓட்டினேன். கூட்டத்துக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. அவளுக்கு மீன் என்றால் உயிர். நல்ல மீனாகப் போட்டு, அவள் வயிறு நிறைந்த நேரம் பார்த்து உண்மையை அவிழ்ப்பது என்று மீன் கடைக்குப் போனேன்.

"இது பவளப்பாறை இடுக்குல மேயற மீனுங்க. ருசியே தனி" என்றாள் மீன்காரம்மா.

வெள்ளி உடம்பு. முதுகிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் கறுப்புக் கோடுகள். நிமிர்த்திப் பார்த்தேன். இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும் முதுகில் நூல் பிசகாமல் சேர்ந்திருந்தன. உடம்பில் வந்த கோடு துடுப்பிலும் ஏறிப் போயிருந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. டேப் இல்லை, சாக்பீஸ் இல்லை, தையலே இல்லை. உப்புத் தண்ணீருக்குள் இதை யார் வெட்டியது? என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன்.

"மீனைக் கும்பிடறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன். வெட்டித் தரவா?"

"ஐயோ, வேணாம்மா!"

வீட்டில் மனைவி கத்தியோடு நின்றாள்.

"என்னங்க, மீன் பலமா இருக்கு?"

"சும்மாதான். இரு, வெட்டாதே. இந்த முதுகைப் பாரேன். கோடு எப்படிச் சேந்திருக்கு!"

குனிந்து பார்த்தாள். அவள் கண்ணும் விரிந்தது. "அடேயப்பா!"

"இதை வெட்ட உனக்கு மனசு வருமா?"

"நீங்க வெட்டினா கெட்டுப்போகும். நான் வெட்டினா சாப்பாடு. தள்ளுங்க."

மீன் வாயில் கரைந்தது. அவள் விரலைக்கூட விட்டுவைக்கவில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

"அந்தக் கோட்டு விஷயமா..."

"பழைய துணி மூட்டையிலதானே இருக்கு? ஒளிச்ச அன்னிக்கே பாத்துட்டேன்."

எனக்குப் புரையேறியது. "அப்போ நாளைக்கு?"

அலமாரியைத் திறந்தாள். அதே துணியில் இன்னொரு கோட்டு. பட்டனிலும் தோளிலும் கையிலும் கோடுகள் அந்த மீனைப் போலவே சேர்ந்திருந்தன. மறுபடியும் கை கூப்பப் போனேன்.

"யாரு தைச்சது?"

"எதிர்க்கடைத் தையல்காரர்."

கை தானாக இறங்கிவிட்டது. "துணி ஏது?"

"உங்ககிட்ட குடுக்கற துணியை நான் எப்பவுமே ரெண்டு மடங்கா வாங்கறவ."

"கெடுப்பேன்னு தெரிஞ்சும் எதுக்குடி எங்கிட்ட குடுத்தே?"

"பாவாடையைக் குட்டையாக்கினீங்க, இறால் வந்துச்சு. சட்டைக் கழுத்தை அகலமாக்கினீங்க, கணவாய் மீன் வந்துச்சு. நானா வாய்விட்டுக் கேட்டா என்னிக்காவது வாங்கிக் குடுத்திருக்கீங்களா?"

மலைத்துப்போய் உட்கார்ந்தேன். அந்த மீன் மேய்ந்த கடலுக்குக்கூட இவ்வளவு ஆழம் இருக்காது. இத்தனை வருஷமாக இவளோடுதான் குடித்தனம் நடத்துகிறேன் என்பதை நினைக்கவே பிரமிப்பாக இருந்தது.

கை கழுவிவிட்டு வந்தவள் ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

"இது கட்டம் போட்ட துணிங்க. உங்க இஷ்டப்படி வெட்டுங்க. எனக்கு நண்டு சாப்பிடணும்போல இருக்கு."