மின்னலின் வால்

வால் உள்ளே போய்விட்டது.

நுனி மட்டுமல்ல, முழு வாலும். தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒருமுறை செருமிவிட்டு, வாயோரத்தில் நாலு முடியை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல நின்றது. காப்பாளர் சுவிட்சை அணைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பிளக்கையும் பிடுங்கினார். இனிமேல் எதைப் பிடுங்கி என்ன? குதிரையின் பின்பக்கத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மணி ஒன்பது பத்து. பதினோரு மணிக்குத் தலைமை அருங்காட்சியகத்திலிருந்து நிபுணர் வருகிறார். அவர் வருவதே இந்தக் குதிரையைப் பார்க்கத்தான்.

குதிரையின் பெயர் மின்னல். ஒரு காலத்தில் தளபதி ஒருவர் இதன்மேல் ஏறி வெள்ளம் புரண்ட ஆற்றைத் தாண்டி எதிரிகளை விரட்டினாராம். குதிரை இறந்ததும் பாடம் செய்து நிற்க வைத்துவிட்டார்கள். 'மனிதனும் விலங்கும்' என்ற அந்தக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் வேறு பொருள்களும் உண்டு. செம்மறி ரோமக் கம்பளி, ஒட்டக முடித் தூரிகை, பழைய பிடில் வில், தபால் மூட்டை சுமந்த கழுதையின் சேணம், சுரங்கத்தில் வண்டி இழுத்த மட்டக்குதிரையின் லாடம். அவற்றின் முன் எவரும் நின்றதாகக் காப்பாளருக்கு நினைவில்லை. வருகிறவர்கள் எல்லாம் நேராக மின்னலிடம்தான் போவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வருகிறார்: "தொட்டுப் பாருங்க, இது கதையில்ல, நிஜம்." சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் மின்னலின் கழுத்தைத் தட்டிக் கொடுப்பார்.

போன வாரம் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. பாடம் செய்த பழைய விலங்குகளில் பல போலி என்று தெரியவந்திருக்கிறதாம். எனவே முடி மாதிரி எடுத்துச் சோதிப்பார்களாம். முழுக்கப் போலி என்றால் கூடத்தை மூடிவிட்டு, காப்பாளரைத் தலைமையகத்து நிலவறைக் கிடங்குக்கு மாற்றுவார்களாம். ஒரு பாகமாவது உண்மையான குதிரையுடையது என்றால் எல்லாம் இருந்தபடியே இருக்கலாமாம். அதைப் படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பாகமாமே! காதிலிருந்து குளம்புவரை மின்னல் அல்லவா நிற்கிறது? வருகிறவர் அசந்துபோகட்டும் என்றுதான் வீட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்து தூசி தட்டப் புறப்பட்டார். எந்த நேரத்தில் புறப்பட்டாரோ.

இயந்திரத்தின் பையைத் திறந்தார். நைந்த கோணிச் சாக்கைப் போலப் பொடிப் பொடியாக ஏதோ கொட்டியது. பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னங்க, இப்பத்தானே போனீங்க?"

"வால் போச்சு."

"எந்த வாலு?"

"நம்மகிட்ட எத்தனை வாலு இருக்கு? மின்னலோட வாலுடி!"



"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?"

காப்பாளர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். "கிடங்குக்கு மாத்திருவாங்க. ஜன்னல் கிடையாது. லீவுக்குத்தான் உன்னைப் பாக்க வர முடியும்."

கால் மணி நேரத்தில் மனைவி வந்துவிட்டாள். கையில் ஒரு பை, பைக்குள் அவளுடைய சவுரி.

"தலைமுடியையா ஒட்டுறது?"

"மனுசனும் ஒரு மிருகந்தான்னு நீங்கதானே போர்டுல எழுதி மாட்டியிருக்கீங்க? ஒட்டுங்க."

பின்னலை அவிழ்த்து, பசை தடவி, ஓட்டையில் செருகினார்கள். தள்ளி நின்று பார்த்தார்கள். பழுப்புக் குதிரைக்குப் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு வால் தொங்கியது. கல்யாணத்துக்குக் கிளம்பிய குதிரை மாதிரி இருந்தது.

"நிறம் வேற," என்றார் காப்பாளர்.

"உங்க ஷூவுக்குப் போடுற பழுப்புப் பாலிஷ் இருக்குல்ல?"

இருந்தது. வாலுக்குப் பூசினார். பூசும்போது கை தவறிப் பின்பக்கமும் ஈஷிக்கொண்டது. அதைத் துடைக்க ஸ்பிரிட் எடுத்தார். பாலிஷ் போயிற்று. கூடவே அடியிலிருந்த நிறமும் போயிற்று. தளபதியைச் சுமந்த முதுகுக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வட்டம்.

"ஐயையோ" என்றாள் மனைவி.

"கத்தாதே, யோசிக்க விடு." யோசித்தார். யோசித்ததன் பலனாக அந்த வட்டத்திலும் பாலிஷ் பூசினார். அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆனது. அதைச் சுற்றியிருந்த பகுதி அழுது வடிந்தது. அதற்கும் பூசினார். இப்போது பின்பாதிக் குதிரை புதிதாகவும் முன்பாதிக் குதிரை பழையதாகவும் நின்றன. வேறு வழியில்லை. இருவரும் ஆளுக்கொரு துணியை எடுத்துக்கொண்டு காது வரைக்கும் தேய்த்தார்கள்.

"அடேங்கப்பா, எப்படிப் புடிக்குது பாருங்க!" என்றாள் மனைவி. "செருப்புக் கடையில வச்ச மாதிரி மின்னுது."

"தோல்னா தோல்தானே. பேசாம தேய்."

மணி பத்து இருபது. நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தபடி காப்பாளர் நிமிர்ந்தார். அப்போது பாலிஷ் குடித்துக் கனத்திருந்த வால், 'பொத்'தென்று தரையில் விழுந்தது.

அவர் சேணப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். உத்தியோகம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு 'இது நிஜம்' என்று சொல்வது?

மனைவி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "தம்பி, கடையைச் சாத்திட்டு உடனே வா. பிடில் வில்லுக்கு வச்சிருக்கியே முடி, அதை எடுத்துட்டு வா. ஏன்னு கேக்காதே."

மைத்துனருக்கு இரண்டு தெரு தள்ளிப் பிடில் பழுதுபார்க்கும் கடை. பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் காகிதத்தில் சுற்றிய நீளமான கட்டு. பிரித்தால், கறுப்பும் பழுப்பும் கலந்த முடி. முரட்டு முடி.

"மாமா, இது பெரிய பிடில் வில்லுக்குன்னு ஸ்பெஷலா வரவழைச்சது. ஒரு வருஷத்துக்கு வச்சிருந்தேன்."

"எதோட முடி மச்சான்?"

"என்ன மாமா இப்படிக் கேக்குறீங்க? வில்லுன்னா குதிரை வால் முடிதான். உங்க பெட்டியிலகூட எழுதியிருக்கு, மூணாவது பெட்டி."

காப்பாளர் அந்தப் பெட்டியைப் படித்து வருஷக்கணக்காயிற்று.

மைத்துனர் தொழில்காரர். முடியை நூலால் இறுக்கிக் கட்டி, மெழுகு தேய்த்து, தக்கையில் பொருத்தி, பசை வைத்து ஓட்டையில் இறக்கினார். வால் வால் மாதிரியே தொங்கியது. பழைய வாலைவிட அழகாகவே இருந்தது என்று சொல்லலாம், ஆனால் காப்பாளர் அப்படி நினைக்கவே பயந்தார்.

"பசை காய அரை மணி நேரமாகும். அதுவரை யாரும் இழுக்கக் கூடாது."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மணி பத்து ஐம்பது.

நிபுணர் ஒல்லியான அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற வழக்கம். அவருக்குப் பின்னால் நுண்நோக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் உதவியாளர், நடுத்தர வயசு, உம்மென்ற முகம். மனைவி சட்டென்று பார்வையாளராக மாறி ஒட்டகத் தூரிகையை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். மைத்துனர் லாடத்தைப் பார்த்தார்.

"என்ன வாசனை இது?" என்றார் நிபுணர்.

"பராமரிப்பு மேடம்."

நிபுணர் குதிரையின் கழுத்தில் விரலை வைத்தார். விரல் பழுப்பாகத் திரும்பி வந்தது. "எந்த முறைல பராமரிக்கிறீங்க?"

"பழைய முறை மேடம்."

அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். சின்னக் கத்தரியை எடுத்துப் பிடரியில் ஒரு கற்றை, முதுகில் கொஞ்சம், காலில் கொஞ்சம் என்று வெட்டினார். உதவியாளர் ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டில் கழுவிக் கண்ணாடித் துண்டில் வைத்துக் குனிந்து பார்த்தார். "ம்" என்றார். அடுத்ததைப் பார்த்தார். மறுபடியும் "ம்". அந்த 'ம்' நல்லதா கெட்டதா என்று தெரியாமல் காப்பாளர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிபுணர் பின்பக்கம் போனார். காப்பாளர் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"வால்ல மட்டும் வேண்டாமே மேடம்."

"ஏன்?"

"அங்க கொஞ்சம் கூச்சம்."

"குதிரைக்கா?"

"எனக்கு மேடம்."

"தள்ளுங்க," என்றார் நிபுணர். வாலைக் கொத்தாகப் பிடித்தார். தக்கை லேசாக அசைந்தது. வால் ஒரு விரற்கடை வெளியே வந்தது. மனைவிக்குத் திடீரென்று பயங்கரமாக இருமல் வந்தது. நிபுணர் திரும்பிப் பார்த்த வேகத்தில் கத்தரி 'நறுக்'கென்றது. கையோடு நாலைந்து முடி போயிற்று. வால் மட்டும் முன்பைவிடச் சற்று நீளமாகத் தொங்கியபடி அங்கேயே இருந்தது.

உதவியாளர் குனிந்தார். இந்த முறை 'ம்' வரவில்லை. லென்ஸைத் திருகினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முதலில் வெட்டிய பிடரி முடியை எடுத்து வைத்துப் பார்த்தார். திரும்பவும் வால் முடி. நிபுணரும் போய் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

காப்பாளரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மாட்டிக்கொண்டது தெரிந்துபோயிற்று. வால் ஒட்டு வேலை என்று கண்டுபிடித்தால் முழுக் குதிரையையும் சந்தேகப்படுவார்கள். சுத்தமான குதிரைக்குத் தானே களங்கம் உண்டாக்கிவிட்டோமே என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கிடங்குக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும், மின்னலின் பேர் கெடக் கூடாது.

"மேடம், நான் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்த உடம்பு நூத்துக்கு நூறு மின்னல்தான். ஆனா அந்த வால்..."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். மைத்துனர் லாடத்துக்கு இன்னும் கிட்டே போனார்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று கையைக் காட்டி நிறுத்தினார் நிபுணர். "அவரு ஏதோ சொல்ல வராரு."

உதவியாளர் நுண்நோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தி, வந்ததிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கூடத்தை மூட வேண்டியதில்ல மேடம். பிடரி சணலு, உடம்பு பூரா மாட்டுத்தோலு, ஆனா அந்த வால் மட்டும் அசல் குதிரை."