இருபத்தாறாவது டயர்

மலாக்கா பக்கம் டுரியான் துங்காலில் ஒரு பிள்ளை பிறந்தால் அப்பா அம்மா ஒரு பேர் வைப்பார்கள். அது வளர்ந்து மோட்டார் சைக்கிள் வாங்கி, முதல் டயர் தேய்ந்ததும் டயர் கடை பாய் ஒரு பேர் வைப்பார். இரண்டாவது பேர்தான் நிற்கும்.

நான் அவர் கடையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். டயர் கழற்றுவேன், மாட்டுவேன், ஒட்டுப் போடுவேன். அதிகம் பேச மாட்டேன். பேசுகிற வேலையை பாயே பார்த்துக்கொள்வார். கம்ப்ரஸர் ஓடும்போதும் அவர் குரல்தான் மேலே கேட்கும்.

பேர் வைக்க அவருக்கு அரை நிமிஷம் போதும். ஆளைப் பார்ப்பார். வண்டியைப் பார்ப்பார். சொல்லிவிடுவார். உம்பாய் கடற்கரையில் மீன் சுட்டு விற்கும் அந்தோணி மூச்சு வாங்கும்போது வாயைத் திறந்து திறந்து மூடுவார். அவர் 'செவுள்'. அலோர் காஜாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தொந்திக்காரர் 'எண்ணெய் டின்'. சூராவ் என்கிற சின்னத் தொழுகைக் கூடத்தில் பாய்க்குப் பக்கத்தில் நின்று தொழுகிறவர் ஒருவர், எதை ஆரம்பித்தாலும் பாதியில் நிற்பார். அவர் 'பஞ்சர்'.

என்னையும் முதல் நாள் பார்த்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும்போது லோரியிலிருந்து விழுந்ததில் எனக்கு இடது கால் இழுக்கும். 'நொண்டி' என்றார். என் பேரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேலை அன்றோடு முடிந்துவிட்டது.

நோன்பு மாதம் வந்தால் பாய் வேறு ஆள். குர்ஆனில் முப்பது பாகம். நாளுக்கு ஒரு பாகம் ஓதினால் மாதத்தில் முழுசும் முடியும். பாய் பதினெட்டு வயதில் ஆரம்பித்தாராம். நாற்பத்து மூன்று வருஷத்தில் ஒரு வருஷம்கூட முடிக்காமல் விட்டதில்லை. காய்ச்சலோடு ஓதியிருக்கிறார். பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் நின்று ஓதியிருக்கிறார். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. ஹஜ்ஜுக்கு இன்னும் போகவில்லை. பெருமை என்று சொல்ல அவரிடம் இருந்தது இது ஒன்றுதான்.

கணக்கு வைக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. முதல் நோன்புக்கு முந்தின நாள் முப்பது பழைய டயரை இடது சுவரோரம் வரிசையாக நிறுத்துவோம். டயரில் குறி போடுகிற மஞ்சள் சாக்கால் ஒன்று முதல் முப்பது வரை எழுதுவார். பின்னறையில் சுத்தமான துணி விரித்த மேசை. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, முகம், கை, கால் நனைத்து ஒளு செய்துவிட்டு உட்காருவார். அன்றைய பாகம் முடிந்ததும் வெளியே வந்து அந்த நம்பர் டயரை வலது சுவருக்கு உருட்டுவார். கடைக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்தே இன்றைக்கு எத்தனையாவது நோன்பு என்று தெரிந்துகொள்வார்கள்.

ஒரு வருஷம் தமிழ்ப்பள்ளியிலிருந்து பூச்செடி வைக்க இரண்டு பழைய டயர் கேட்டு வந்தார்கள். பாய் தொழப் போயிருந்தார். நான் கைக்கு எட்டிய இரண்டைக் கொடுத்துவிட்டேன். பதினேழும் பதினெட்டும். பாய் வந்து பார்த்தார். பதினாறுக்குப் பக்கத்தில் பத்தொன்பது நின்றது. நேராகப் பள்ளிக்குப் போனார். அதற்குள் பச்சைச் சாயம் அடித்து மிளகாய்ச் செடி நட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். வேறு இரண்டு டயருக்கு நம்பர் போட்டார். என்னை மட்டும் ஒரு வாரம் திட்டினார்.

போன வருஷம் மூன்றாவது நோன்பன்று நான் ஒரு கேள்வி கேட்டேன். பதினோரு வருஷத்தில் நானாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான் இருக்கும். டயரை உருட்டிவிட்டு வந்தவரிடம், இன்றைக்கு என்ன பாய் படித்தீர்கள் என்றேன்.

"மூணாவது பாகம்லா."

"அது நம்பரு பாய். உள்ள என்னா சொல்லியிருக்கு?"

நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது, அதனால் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அரபியை ஓதத் தெரியும். அர்த்தம் தெரியாது. அன்று முழுக்க யாருக்கும் பேர் வைக்கவில்லை.

மறுநாள் மலாக்கா டவுனுக்குப் போய்த் தமிழில் அர்த்தம் போட்ட புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சட்டத்தை மாற்றினார். இனி ஒரு பாகம் ஓதினால் போதாது. அர்த்தம் படிக்க வேண்டும். படித்ததில் ஒன்றையாவது அன்றைக்கே செய்ய வேண்டும். செய்தால்தான் டயர் உருளும்.

சூராவில் சிரித்தார்களாம். வீட்டில் அவர் மனைவி, இப்படிப் போனால் இந்த வருஷம் முடிக்க மாட்டீர்கள், நாற்பத்து மூன்று வருஷம் வீணாகும் என்றாராம். பாய் அசையவில்லை.

எட்டாம் பாகத்தில் அளவைக் குறைக்காதே என்று இருந்தது. பாய் நேராகக் காற்று அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தார். எங்கள் மீட்டர் இரண்டு பவுண்டு கூடக் காட்டியது. அப்படியென்றால் வந்தவர்களுக்கெல்லாம் காற்றைக் குறைத்து அடித்திருக்கிறோம். அந்த வாரம் வந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். வண்டியைக் கொண்டு வா, உன் காற்று என்னிடம் பாக்கி இருக்கிறது என்றார். மசூதி இமாமிலிருந்து ஐஸ்கிரீம் மோட்டார்காரர் வரை கடை முன்னால் வரிசை நின்றது. நோன்பு வாயோடு பாய் குனிந்து குனிந்து காற்று அடித்தார்.

இருபத்தொன்றாம் பாகத்தில் குரலைத் தாழ்த்திப் பேசு, குரலிலேயே கேவலம் கழுதைக் குரல் என்று இருந்ததாம். அன்று கடை கடையாக இல்லை. கம்ப்ரஸர் ஓடுகிறது. பாய் காதோடு ரகசியம் சொல்வது போலப் பேசுகிறார். நட்டை இறுக்கு என்று அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. லோரிக்காரர் எஞ்சினைப் போட்டுவிட்டார். பாய் ஓடிப்போய் லோரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. நான் போய் நட்டை இறுக்கிய பிறகுதான் வழியை விட்டார். டயர் உருண்டது.

இருபத்தாறாவது டயர் உருளவில்லை.

அன்று மத்தியானம் பின்னறையிலிருந்து வெளியே வந்து சும்மா நின்றார். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்தேன். கேட்காமலே சொன்னார். ஒருவரை ஒருவர் கேலி பேசாதே, நீ கேலி பேசுகிறவன் உன்னைவிட மேலானவனாக இருக்கலாம், பட்டப்பேர் வைத்துக் கூப்பிடாதே என்று அந்தப் பாகத்தில் இருக்கிறதாம்.

"நாப்பத்து மூணு தடவ இத வாயால ஓதியிருக்கேன்," என்றார். "ஓதிட்டு வெளிய வந்து பேரு வச்சிருக்கேன்."

டியூப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து எழுத உட்கார்ந்தார். சொன்னால் முகம் சுருங்குகிற பேர்களை மட்டும் எடுத்தார். பட்டியலில் இருபத்து மூன்று ஆள் வந்தார்கள். பட்டப்பேருக்கு எதிரே சொந்தப் பேரை விசாரித்து எழுதினார். கடைசி வரியில் பட்டப்பேரும் இல்லை, சொந்தப் பேரும் இல்லை. ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

மிச்சம் நான்கு நாள். நான்கு பாகம். உட்கார்ந்து ஓதினால் முடித்துவிடலாம். ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த டயரைத் தொட மாட்டேன் என்றார். வேனை நான் ஓட்டினேன்.

முதலில் உம்பாய். அந்தோணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கடைக்கு மேலே கையைக் காட்டினார். 'செவுள் சுட்ட மீன்' என்று பெரிய எழுத்தில் போர்டு.

"பேர திருப்பி வாங்கிக்காதீங்க பாய். மூணு வருஷமா இதுல தான் பொழைக்கிறேன்."

பாய் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். முதல் வருஷம் வலித்தது, பிறகு வியாபாரம் ஆகிவிட்டது என்றார் அந்தோணி.

அலோர் காஜாவில் நிலைமை வேறு. இருபது வருஷமாகத் தனக்கு 'எண்ணெய் டின்' என்று பேர் இருப்பதே அந்த இரும்புக்கடைக்காரருக்குத் தெரியாது. பாய் மன்னிப்புக் கேட்டபோதுதான் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. யார் யார் சொல்கிறார்கள், பேரைச் சொல் என்று பிடித்துக்கொண்டார். பாய் சொல்லவில்லை.

"குர்ஆன்ல அடுத்த ஆயத்து பொறம் பேசாதங்குது. அவங்கள இப்ப காட்டிக் கொடுத்தா நான் அதுலயும் மாட்டிக்குவேன்லா. என்னைய மட்டும் திட்டுங்க."

திட்டினார். கால்மணி நேரம். பாய் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். வேனில் ஏறியதும், இது ஒன்றுதான் இன்றைக்கு ஒழுங்காக நடந்தது என்றார்.

ஒரு வீட்டில் ஆள் இல்லை. இறந்து ஆறு மாதம். பாய் அவருக்கு வைத்த பேர் 'குட்டை'. வாசலில் நின்று அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அவரு போனதுலேர்ந்து அந்தப் பேர சொல்ல ஆளில்ல பாய். வாசல்ல யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருக்கு."

திரும்பும்போது பாய் அட்டையில் அந்த வரியை அடித்தார்.

இருபத்தெட்டாம் நோன்பன்று, எதையும் பாதியில் நிறுத்துகிற அந்தச் சூராவ் ஆள் கடைக்கு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குர்ஆனை முழுசாக முடித்துவிட்டாராம். இடது சுவரில் நின்ற டயர்களை எண்ணிப் பார்த்தார்.

"இந்த வருஷம் நீங்கதான் பஞ்சர், பாய்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முடித்ததற்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்டார். வந்தவர் சிரிக்க வந்தவர். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விட்டார்.

கடைசி நோன்பன்று சாயங்காலம் கதவை இறக்கினோம். சூராவிலிருந்து கஞ்சி வந்திருந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். அட்டையை எடுத்தார். இருபத்திரண்டு வரி அடித்திருந்தது.

"உன் பேரு என்னா?"

"பெரியசாமி."

எழுதினார். எழுத்தைக் கொஞ்சம் பார்த்தார்.

"மன்னிச்சிரு, பெரியசாமி."

"பரவால்ல பாய்."

"அத சொல்லாத. பாதிப் பேரு அதச் சொல்லித்தான் என்னைய வெளிய அனுப்புனாங்க. வலிச்சிச்சா இல்லியா, அத சொல்லு."

எனக்குப் பேச வராது. ஆனால் அவர் காத்திருந்தார். சொன்னேன்.

"எனக்குப் பழகிருச்சு பாய். என் மகளுக்குப் பழகல."

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். அவள் பள்ளி விட்டு வரும்போது எனக்குச் சாப்பாடு கொண்டு வருவாள். ஒருநாள் லோரிக்கு அடியிலிருந்து பாய், நொண்டி, உன் மகள் வந்திருக்கிறாள் என்று கத்தினார். கூடப் படிக்கிற பிள்ளைகள் ரோட்டில் நின்றார்கள். மறுநாளிலிருந்து பள்ளியில் அவளுக்கு 'நொண்டி மக' என்று பேர். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். வேலைக்குப் போய், சொந்த மோட்டார் வாங்கியும் காற்று அடிக்க வேறு கடைக்குத்தான் போகிறாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பாங்கு சொன்னார்கள். பாய் கையில் பேரீச்சம்பழம். வாய்க்குப் போகவில்லை.

"நோன்பத் தொறங்க பாய்," என்றேன்.

திறந்தார். கஞ்சியை இரண்டு வாய் குடித்தார். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என் வரியை அடிக்கவில்லை.

மறுநாள் பெருநாள். காலைத் தொழுகை முடிந்த கையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மேலுக்குப் புது பாஜு, தலைக்குப் புதுச் சோங்கோ, கையில் அடுக்குப் பாத்திரம். அவர் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கே காத்திருக்கிறார்களாம். அவர் மனைவி வேனில் இருந்தார். கதவைத் திறந்தது என் மகள்.

"கோழி ரெண்டாங்தான்மா. மாடு இல்ல," என்று பாத்திரத்தை நீட்டினார். பிறகு நிமிர்ந்து நின்றார். "ஒங்க அப்பா பேரு பெரியசாமி. எனக்கு நேத்துதான் தெரியும். ஒனக்குப் பள்ளியில வந்த பேரு என் வாயிலேர்ந்து வந்தது. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் ஒன் இஷ்டம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் பாத்திரத்தை வாங்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. பாய் கையை நீட்டியபடியே நின்றார். நல்ல வெயில்.

பிறகு வாங்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டியையும் கூப்பிடுங்க பாய். உள்ள வந்து தண்ணி குடிங்க." இன்னும் கொஞ்சம் நின்றாள். "கடை எப்பத் தொறப்பீங்க? என் மோட்டாருக்குக் காத்துக் கொறைவா இருக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். என் வரியை அடிக்கப் பேனா இல்லை. மகள்தான் கொடுத்தாள்.

நாற்பத்து நான்காவது வருஷம் பாய் முடிக்கவில்லை. கடை திறந்த அன்று இருபத்தாறாவது டயரை உருட்டினார். நான்கு டயர் இடது சுவரிலேயே நின்றது. அடுத்த மாதம் ஒவ்வொன்றாக ஓதி, அர்த்தம் படித்து உருட்டினார். யாரும் எண்ணவில்லை. நோன்புக்குள் முடிக்காதது முடிக்காததுதான் என்று அவரே சொன்னார். முகத்தில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இப்போது கடையில் என்னைப் பெரியசாமி என்றுதான் கூப்பிடுகிறார். சுருக்கிக் கூப்பிடக்கூட மாட்டேன் என்கிறார். சுருக்கினால் அதுவும் பட்டப்பேர் ஆகிவிடுமாம். பத்து வருஷம் அந்தக் கடைக்குள் கேட்காத பேர் அது. சட்டென்று காதில் ஏறுவதில்லை. அவர் குரலை உயர்த்துவதில்லை. நான் திரும்பவில்லை என்றால் கொஞ்சம் நின்று, இன்னொரு தடவை மெதுவாகக் கூப்பிடுகிறார்.

சில நாள் முதல் தடவையிலேயே கேட்டுவிடும். கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.