ரெண்டு நிமிஷ வேலை

செய்தி வந்தபோது காலை ஐந்தேகால் மணி. அக்கா போய்விட்டாள் என்று அத்தான் தொலைபேசியில் சொன்னார். கேட்டவர், "சரி அத்தான்" என்றார். போனை வைக்கும் முன், "இதோ வர்றேன்" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து, மாற்றுச் சட்டை எடுப்பதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். துக்க வீட்டில் எல்லோரும் சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் ஆடுகிற நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் கால்களை ஆராய்ந்துகொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில், உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகுமோ என்று குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வார்டு கதவு கிறீச்சிடுகிறதே என்று கீலுக்கு எண்ணெய் விடுவார். ஆஸ்பத்திரியில் எண்ணெய் ஏது? அவரிடம் இருக்கும். அழுகிறவர்கள் அழட்டும், ஆறுதல் சொல்கிறவர்கள் சொல்லட்டும். முடுக்காத திருகாணி ஒன்று இந்த உலகத்தில் இருக்கும்வரை அவருக்கு உட்கார நேரமில்லை. அதிகம் பேசவும் மாட்டார். அவர் அறிந்த ஒரே ஆறுதல் மொழி, "ரெண்டு நிமிஷ வேலை."

நம் கதாநாயகருக்குக் குடும்பத்தில் 'ரிப்பேர்' என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவள் அக்கா ஒருத்திதான்.

அக்கா வீட்டுச் சமையலறையில் வெந்நீர்க் குழாய் ஒன்று பல வருடங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு கிண்ணம்; பக்கத்து ஜன்னல் திட்டில் அவளுடைய பெரணிச் செடி. தம்பி எப்போது வந்தாலும் கை தானாகக் குழாய்ப் பக்கம் போகும். "டேய் ரிப்பேர், வந்த இடத்துல சும்மா உக்காரு. அது பாட்டுக்குச் சொட்டட்டும்" என்பாள். தனக்குச் சிரமம் தரக்கூடாதென்று சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அன்று தடுக்க ஆளில்லை. அக்காவை அனுப்பிவிட்டுத் திரும்பிய மதியம், கூடத்தில் ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, அவர் சமையலறையில் குழாயைக் கழற்றி, புது வாஷர் போட்டு முடுக்கினார். சொட்டு நின்றது. அன்றைக்கு அந்த வீட்டில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான் என்று அவருக்கு ஒரு நிறைவு.

கொஞ்ச நாளில் அத்தான் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, உங்க அக்கா செடி ஒரு மாதிரியா இருக்கு. தண்ணி ஊத்தத்தான் செய்றேன். நுனியெல்லாம் கருகுது. இதுவும் போயிடுச்சுன்னா அப்புறம் இந்த வீட்ல..." வாக்கியம் அங்கேயே நின்றது.

பழுதான பொருள் ஒன்று கிடைத்துவிட்டது. இனி அவரைப் பிடிக்க முடியுமா?

பெரணி ஈரக்காற்றில் வாழ்கிற செடி. அவர்கள் இருந்ததோ குளிர் ஊர்: வெளியே எலும்பைக் குடைகிற குளிர், உள்ளே ஹீட்டர் உலர்த்திய காற்று. படித்துத் தெரிந்துகொண்டார். தினமும் வேலை முடிந்து அத்தான் வீட்டுக்குப் போய் இலைகளில் தண்ணீர் தெளித்தார். தட்டில் கூழாங்கல் பரப்பி, நீர் ஊற்றி, தொட்டியை அதன்மேல் ஏற்றினார். கண்ணாடித்தாளில் கூடாரம் கட்டினார். செடி உள்ளே தீவிர சிகிச்சையில் இருப்பதுபோல் இருந்தது. ஈரப்பதம் அளக்கும் கருவி வாங்கி மாட்டினார். அது 'குறைவு' என்றது. அத்தானின் வெடித்த உதடுகள் அதைத்தான் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆவி கக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. செடியை விட்டுவிட்டுச் சுவரை நனைத்தது. அதையும் பழுது பார்த்தார். கடைசியில் செடியைக் குளியலறைக்கு மாற்றினார்.

"மாப்பிள்ளை, குளிக்கும்போது அது என்னையே பார்க்குது" என்றார் அத்தான்.

செடி மறுபடி சமையலறைக்கே வந்தது, மேலும் இரண்டு இலைகளை உதிர்த்துவிட்டு.

வீட்டில் மனைவி கேட்டாள். "உங்க அத்தான் சாப்பிட்டாரா?"

"ஈரப்பதம் ஏறவே மாட்டேங்குது."

"நான் அத்தானைப் பத்திக் கேட்டேன்."

அவர் அளவைக் கருவியின் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தார்.

செடியில் மூன்றே இலைகள் மிஞ்சியிருந்த ஒரு மாலை. அத்தான் இரண்டு கோப்பை டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"தூக்கமே வரல மாப்பிள்ளை."

"ஹீட்டர் சத்தம் போடுதா? ரெண்டு நிமிஷ வேலை."

"சத்தம் இல்லாததுதான் தொந்தரவு. அந்தக் குழாய் டொக் டொக்னு சொட்டிக்கிட்டே கிடக்கும்ல. கிண்ணத்துலேர்ந்து ஆவி கிளம்பி ஜன்னல் பூரா மூடியிருக்கும். உங்க அக்கா விரலால அதுல கோடு போட்டுக்கிட்டு நிப்பா. இப்போ பாருங்க, எதிர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துல மணி பார்க்கலாம் போல இருக்கு."

ரிப்பேர் ஜன்னலைப் பார்த்தார். துடைத்துவைத்ததுபோல் பளிச்சென்றிருந்தது. குழாயைப் பார்த்தார். ஒரு துளி இல்லை, அப்பழுக்கற்ற வேலை. இரண்டுக்கும் நடுவே பெரணியைப் பார்த்தார். தெளிப்பானைக் கீழே வைத்தார்.

"அந்த ஆவியிலதான் இந்தச் செடி இருந்திருக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தான், கை வைக்காதீங்கன்னு."

"செடிக்காகன்னு எனக்கு மட்டும் என்ன தெரியும்? சத்தம் நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சுது. ஆனா எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க. உங்க கைக்கும் ஏதாவது வேணும்ல."

ரிப்பேர் எழுந்து குழாயைக் கழற்றினார். பழைய வாஷரை இந்த இனம் தூக்கி எறியாது. நைந்து, ஒரு பக்கம் பிய்ந்த அது அவருடைய பையிலேயே இருந்தது. அதைத் திரும்ப மாட்டினார். வாழ்நாளில் எதையும் கெடுத்துப் பழகாத கை. நன்றாக இருக்கும் குழாயைக் கெடுப்பது ரெண்டு நிமிஷ வேலை அல்ல. ஒரு தடவை ஓடியது, ஒரு தடவை நின்றது. பிறகு சொட்டியது. கிண்ணத்தை அடியில் நகர்த்தினார். ஜன்னல் ஓரத்திலிருந்து மெல்ல மங்கத் தொடங்கியது. அவருடைய மூக்குக் கண்ணாடியும் மங்கியது. அவ்வளவு ஆவி அதற்குள் வந்துவிட்டதா என்று அத்தான் கேட்கவில்லை. ஆறிப்போன டீயைச் சூடுபண்ண எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரிப்பேர் அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்தார், வெகு நேரம்.

நமக்கு இந்த வியாதி இல்லை என்று சிரிக்கிறீர்களா? கடைசியாகத் துக்கம் கேட்கப் போன வீட்டில், உள்ளே நுழையாமல் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டு நின்றது யார்? போகட்டும், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கும் ஒரு அத்தான் டீ வைத்திருப்பார்.

பெரணியில், மண்ணை ஒட்டி, கம்பளிப்பூச்சிபோல ஒரு பச்சைச் சுருள் தலைகாட்டியிருக்கிறது. புது வாஷர் தொட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் திட்டில் இருக்கிறது. இன்னும் மாட்டவில்லை.