வருடக் கடிதத்தில் நான் எழுதிய உண்மை

அன்பும் பயமும் கலந்த மரியாதைக்குரிய ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி வெர்லின் எழுதுவது. நானும் பூனையும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? உன் ஊர் டுலூத்தில் பனி கொட்டுகிறதாமே. விசாரிப்பு முடிந்தது, இனி சண்டைக்கு வருகிறேன்.

நேற்று தொலைபேசியில் என்ன கேட்டாய்? "ஏன்டா, பதினோரு வருஷமா நான் சுட்டு அனுப்பின பழக் கேக்கை வண்டிக்குப் பின்னாடி பாரத்துக்கா போட்டு வச்சே?" ஆமாம் அக்கா. பனியில் பின்சக்கரம் சறுக்காமல் இருக்க ஊரே மணல் மூட்டை போடுகிறது, எங்களுக்கு உன் கேக். அதை நான், வீட்டில் அந்த வருடம் நடந்ததை எல்லாருக்கும் சொல்லும் கிறிஸ்துமஸ் வருடக் கடிதத்தில் எழுதி, நகலெடுத்து, சொந்தபந்தம் அறுபத்திரண்டு வீட்டுக்கும் அனுப்பியதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு போனை வைத்துவிட்டாய். பாதிரியார் பிரசங்கத்தில் தூங்கிவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கே சில சமயம் கண்ணு சொக்குது வெர்லின்" என்றார்.

நாற்பது வருடம் அந்தக் கடிதத்தை எழுதியது என் வீட்டுக்காரி லவோன். நவம்பர் கடைசியில் சமையலறை மேசையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்து, ஒவ்வொரு வரியையும் எனக்குப் படித்துக் காட்டுவாள், நான் தபால்தலை ஒட்டுவேன். சரியாக உறையாத ஏரிமேல் நான் அவசரப்பட்டு வண்டியை ஓட்டி, மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் ஓட்டை போடுமுன் வண்டியே ஓட்டை போட்டு உள்ளே போனதே, அந்த வருடம் அவள் எழுதியது: "வெர்லின் இந்தக் குளிர்காலத்தை ஏரியோடு மிக நெருக்கமாகக் கழித்தார்." கர்ட்டைக் கல்லூரியிலிருந்து துரத்திய வருடம்: "மகன் படிப்பைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு வீடு திரும்பினான்." இப்படி நடக்கவில்லையே என்பேன். "நடந்ததை எழுத போலீஸ் இருக்காங்க. நீங்க ஒட்டுங்க" என்பாள். அவள் சிரிப்பில் மேசை ஆடும்.

மார்ச்சில் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. எனக்குக் கற்பனை வராது, அதனால் உண்மையை எழுதினேன். அவள் இல்லாத வீட்டில் வேறு எதை எழுதுவது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு வரியையும் திரும்பப் பெற மாட்டேன். வராவிட்டால் போ. எனக்குத் தனியாக இருக்கத் தெரியும்.

கர்த்தர் உன்னையும் உன் முழங்காலையும் காக்கட்டும்.

வணங்காத தம்பி,
வெர்லின்

பி.கு.: இதற்குத் தபால்தலை தேடி லவோனின் இழுப்பறையைத் திறந்தேன். இந்த வருடத்துக்கான கடிதம் அங்கே இருக்கிறது அக்கா. பிப்ரவரியிலேயே தட்டச்சடித்து, டிசம்பர் என்று தேதி போட்டிருக்கிறாள். தான் இல்லை என்பதற்கு ஒரே வரி. மீதியெல்லாம் நாம். "வெர்லின் சூப் வைக்கக் கற்றுக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு ஆர்டிஸ் வந்திருக்கிறாள், அக்காவும் தம்பியும் பேசி முடிப்பதாகவே இல்லை." அறுபத்திரண்டு வீட்டுக்கும் மன்னிப்போடு இதை அனுப்புகிறேன். முதல் மன்னிப்பு உன்னிடம். மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடு. எனக்குத் தனியாக இருக்கத் தெரியவில்லை.

இத்தனை வருடமும் அவள் நடந்ததைத்தான் மாற்றி எழுதினாள். இது ஒன்றுதான் இன்னும் நடக்காதது. இருபத்து மூன்றாம் தேதி பேருந்து நிலையத்தில் நிற்பேன்.