பல்செட்டுக்காரரும் செம்பாவின் வாயும்

திருச்சியில் அறுபது வயதைத் தாண்டிய யார் சிரித்தாலும், அந்தச் சிரிப்பில் பாதி பல்செட்டுக்காரருக்குச் சொந்தம். கே.கே. நகரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஊருக்கே பல்செட்டு செய்து கொடுத்தவர். பெயர் ஏதோ உண்டு, எனக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அவர் வாயில் ஒரு பல் கிடையாது. தனக்கென்று பதினொரு செட் செய்து, பதினொன்றையும் கழற்றி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "உறுத்துதுங்கம்மா" என்பார்.

காந்தி மார்க்கெட்டில் தக்காளி வாங்கப் போனால் கடைக்காரரிடமே, "கொஞ்சம் ஆ காட்டுங்க" என்பார். அவரும் காட்டுவார். பின்னால் நிற்கிற நாம்தான் தக்காளிக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர், நான் குதிரையேற்றம் பழகும் கிளப் பக்கம் காலை நடைக்கு வந்தது என் தலையெழுத்து. ஸ்ரீரங்கத்தில் டியூஷன் எடுக்கும் நாற்பத்தாறு வயதுப் பெண்மணிக்கு எதற்குக் குதிரை என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரரே கேட்டு ஓய்ந்துவிட்டார்.

என் குதிரை செம்பா. தடை தாண்டும் போட்டிக்குப் பழகினோம். கடிவாளத்தை இழுத்தாலே தலையை உதறுவாள். தடைக்கு முன்னால் வந்து அப்படியே நின்றுவிடுவாள்.

கிளப் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "அடுத்த மாசப் போட்டியிலயும் இப்படி நின்னுச்சுன்னா, கல்யாண ஊர்வலக்காரங்ககிட்ட கொடுத்துடுவேன் மேடம்."

ஊர்வலம் என்றால் பேண்டு, வெடி. செம்பாவோ வாட்ச்மேன் வீட்டுக் குக்கர் விசிலுக்கே மிரளுகிறவள்.

வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த பல்செட்டுக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். "அது வாயை யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. மறுநாள் ரோஸ் நிற மெழுகோடு அளவெடுக்க வந்துவிட்டார். செம்பாவிடம், "மெதுவா கடிங்கம்மா" என்றார். செம்பா கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். முதலாளி அலறினார். இவருக்கோ பரம சந்தோஷம்.

"பல்லு அருமையா இருக்கு! கோளாறு இரும்புலதான்."

முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே குதிரைக்கு வெறும் ஈறுதான். கடிவாள இரும்பு உட்காருவது அங்கே. அந்த இடத்தில் ஒரு புண். உதட்டை விலக்கி அதைக் காட்டிவிட்டு, என் வாயில் குறுக்காக ஒரு எவர்சில்வர் ஸ்பூனை வைத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, பின்னாலிருந்து ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீங்க இழுக்குறதுல இது கால்வாசிகூட இல்லைங்கம்மா."

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. செம்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

இரும்பே இல்லாத கடிவாளம் ஒன்றை வரவழைத்தோம். வாய்க்குள் ஒன்றும் போகாது. மூக்கின் மேல் ஒரு வார் மட்டும். அதுவும் உறுத்தக்கூடாதென்று தன் தலையணைப் பஞ்சை எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார் மனிதர். தைத்ததை முதலில் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் மைதானத்தைச் சுற்றினார். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

"வாயில இரும்பில்லாம எப்படி சார் நிக்கும்? ஸ்ரீரங்கம் வரைக்கும் ஓடிடும்" என்றார் முதலாளி.

"ஓடட்டுமே. மேடம் வீடு அங்கதானே?"

போட்டியன்று நடுவர் கடிவாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விதிகளைப் புரட்டினார். தாண்டும் போட்டிக்கு இது செல்லும் என்றார். மூன்று தடைகளைச் செம்பா தலையை உதறாமல் தாண்டினாள். நாலாவதைப் பார்த்ததும் பயத்தில் என் கை பழையபடி இழுக்கப் போனது. ஸ்பூன் ஞாபகம் வந்தது. கையைத் தளர்த்திக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தாண்டிவிட்டாள். கடைசித் தடையில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டாள். ஆறு பேரில் நாலாவது இடம்.

முடிந்ததும் நான் மூச்சை விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான், செம்பா ஓட்டத்தை விட்டு மெல்ல நடந்து, நேரே வேலியோரம் போய் பல்செட்டுக்காரர் முன்னால் நின்றாள். அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். அவர் பொக்கை வாய் முழுக்கச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முதலாளி வேலியருகே வந்து செம்பாவின் முதுகில் தட்டினார். "சரி சார், இருக்கட்டும். இங்கயே இருக்கட்டும்."

பெருமாளிடம் எனக்கென்று நான் அதிகம் கேட்பதில்லை. என் பல்லெல்லாம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. அது விழுகிற காலத்தில், ரோஸ் மெழுகை நீட்டி "மெதுவா கடிங்கம்மா" என்று சொல்ல அவர் இருக்க வேண்டும். அதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.