போதகரம்மாவின் நாட்குறிப்பும் மாதம் ஒரு தாளும்

உலகில் பழைய காகிதங்களைப் பாதுகாக்கும் ஊர்கள் பல உண்டு. அவற்றை மனிதர்களிடமிருந்து பாதுகாக்கும் ஊர், எனக்குத் தெரிந்து, அமெரிக்காவில் மிசூரி ஆற்றங்கரையிலுள்ள எங்கள் நொய்டால் ஒன்றுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நொய்டால் பாரம்பரியக் காகிதப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர் ஓட்டோ பிராக்ஹாஃப் என்ற முறையில், பதிவேட்டில் உள்ளதைச் சொல்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த போதகர் வேமையர் குடும்பத்தின் காகிதங்கள் மொத்தம் பதினான்கு பெட்டி. 1918இல், ஜெர்மன் பேசினாலே அடி விழுந்த யுத்த காலத்தில், போதகரம்மா அவற்றை நிலவறையில் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அறுபது வருஷம் கழித்து அவருடைய பேத்தி எங்களிடம் ஒப்படைத்தபோது ஊறுகாய் வாசம் அடித்தது. இப்போது அடிப்பதில்லை. அந்த அளவுக்குப் பாதுகாத்திருக்கிறோம்.

சங்கத்தில் யாரும் அவற்றை வாசித்ததில்லை. பழைய ஜெர்மன் கையெழுத்து, வரிசையாக நட்ட வேலிக் குச்சிகளைப் போல இருக்கும். எங்கள் தலைவர், டிராக்டர் வியாபாரி எல்மர் தீமான், இதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

"வாசிச்சா ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்வாங்க. வாசிக்காம இருந்தாத்தான் ஊர் மொத்தமும் ஒரே மாதிரி மரியாதை குடுக்கும்," என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

பதினான்கு பெட்டிகளில் தலையாயது போதகரம்மாவின் 1918ஆம் வருட நாட்குறிப்பு. அதை விரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். ஒரே பக்கத்தில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தால் மை மங்கிவிடும் என்பதால் மாதம் ஒரு தாள் மட்டும் திருப்புவது என்று விதி செய்தோம். விதியை எழுதியவன் அடியேன். முதல் ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் சங்க உறுப்பினர் நார்மா கூல்மான் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தாளைத் திருப்புவார். எல்லோரும் தலைகுனிந்து நிற்போம். பிறகு காபியும் கேக்கும்.

இந்தப் புனிதமான ஏற்பாட்டுக்குள்தான் ஹுல்டா ஷ்ட்ராட்மான் நுழைந்தார். வயது எண்பத்தாறு. அவருடைய அப்பா எங்கள் சபைப் பள்ளியின் வாத்தியார், ஆர்கனும் வாசித்தவர். 1918 பெந்தெகொஸ்தே ஞாயிறன்று திருவிருந்துக்கான வெள்ளிக் கோப்பை காணாமல் போனது. எடுத்தது வாத்தியார்தான் என்று அன்றைய சபைத் தலைவர் சொன்னார். விசாரணை வைக்கவில்லை, வேலை மட்டும் போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் வாத்தியார் செத்ததும், கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே மூன்றடி தள்ளிப் புதைத்தார்கள்.

ஹுல்டா கேட்பது ஒன்றுதான். தான் சாவதற்குள் அந்த வேலியை நகர்த்திப் போட வேண்டும், அப்பாவுக்குப் பக்கத்தில் தன்னையும் உள்ளே வைக்க வேண்டும். ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றது சபை. ஆதாரம் நாட்குறிப்பில் இருக்கிறது என்றார் ஹுல்டா. 'எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன்' என்று போதகரம்மாவே சாகும்போது ஹுல்டாவின் அம்மாவிடம் சொன்னாராம்.

"ஓட்டோ, அந்தப் புத்தகத்த ஒரு தடவ பாக்கணும்ப்பா."

"படிவம் நிரப்பணும், ஹுல்டாம்மா."

"நிரப்பியாச்சு."

"வாசிக்கத் தகுதி இருக்குன்னு சான்றிதழ் வேணும்."

"எனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே!"

"தெரியுறது வேற, தகுதி வேற."

"இந்த ஊர்ல அந்த எழுத்து தெரிஞ்சவ நான் ஒருத்திதானாமே. அப்ப எனக்குச் சான்றிதழ் யாரு குடுப்பா?"

"அதாங்க சிக்கலே," என்றேன் வருத்தத்துடன்.

ஹுல்டா மசியவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போனார், பூதக்கண்ணாடியை எடுத்தார், குனிந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். கண்ணாடி வழியாக வாசிப்பதற்கு எங்கள் விதிகளில் தடை இல்லை. அது என் கவனக்குறைவு.

"ஜனவரி ஒண்ணு. கடுங்குளிர். போதகருக்கு மூணு நாளா மலச்சிக்கல்."

தலைகுனிந்து நின்றிருந்த எல்மர் நிமிர்ந்தார். "இது ஜெபம் இல்லையா?"

"போதகர் ஜெபிச்சிருப்பாருப்பா," என்ற ஹுல்டா, விரல்விட்டு எண்ணினார். "ஒரு நாளுக்கு அரைப் பக்கம். ஒரு தடவ விரிச்சா நாலு நாள். பெந்தெகொஸ்தே மே பத்தொன்பது. அது முப்பத்தஞ்சாவது மாசம் வருது. அந்த முப்பத்தி நாலு தாள இப்பவே திருப்பிக் காட்டிட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

கூட்டம் போட்டோம். வரலாற்றை அவசரமாகத் திருப்பினால் கிழிந்துவிடும் என்று தீர்மானம் நிறைவேறியது.

"மூணு வருஷம் இருப்பீங்களா?" என்று எல்மர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"இருந்துட்டுப் போறேன்," என்றார் ஹுல்டா.

இருந்தார். மழையில் வந்தார், பனியில் வந்தார், இடுப்பெலும்பு முறிந்த பிறகு நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாதம் நாலு நாள் வீதம் பன்றி அடித்ததையும் துணி துவைத்ததையும் வாசித்தார். 'மிகவும் விசுவாசமான பார்வையாளர்' என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். அவர் கேட்ட சான்றிதழ் அதுவல்ல.

முப்பத்து நான்காம் மாதம் வந்தது.

"மே பதினாறு. ஞாயித்துக்கெழமைக்காக வெள்ளிக் கோப்பையத் துலக்கி வெச்சேன்." ஹுல்டா கண்ணாடியை விரலால் தட்டினார். "அடுத்த மாசம், ஓட்டோ."

நான் உடனே ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். வெளிச்சம் காகிதத்தைத் தின்கிறதே என்ற கவலைதான்.

அந்த வாரமே அவசரக் கூட்டம் கூட்டி அறிக்கை வாசித்தேன். நாட்குறிப்புக்குப் பத்து வருஷம் இருட்டில் 'ஓய்வு' தேவை, பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு தாள்தானே, ஓட்டோ? பாவம்," என்றார் நார்மா.

"இன்னைக்கு ஒரு தாள்னு விட்டா நாளைக்குப் பாரம்பரியமே இருக்காது, நார்மா."

பதிவேட்டில் இப்படி எழுதினேன்: 'எதிர்ப்பு, ஒன்று. காரணம், இரக்கம்.'

முதல் ஞாயிறு ஹுல்டா வந்தபோது கண்ணாடிப் பெட்டியில் நாட்குறிப்பு அட்டையின் புகைப்படம் இருந்தது. அழகான புகைப்படம். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார், மறுபடி பைக்குள் வைத்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ஓட்டோ, உங்கம்மா உனக்கு இந்த எழுத்தச் சொல்லிக் குடுத்தா, இல்ல?"

நான் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அவளுக்குச் சொல்லிக் குடுத்தது எங்கப்பா. முன் பெஞ்சுல உக்கார வெச்சு. எம்பையன் தண்ணி மாதிரி வாசிப்பான்னு அவ சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போவா."

நார்மா என்னைப் பார்த்தார். எல்மர் தன் காபியைப் பார்த்தார். ஹுல்டா நடைச்சட்டத்தைத் திருப்பிக்கொண்டு வேலிப் பக்கமாகப் போனார்.

அவருக்கு இப்போது எண்பத்தொன்பது. வேலி அதே இடத்தில் இருக்கிறது. நாட்குறிப்பும் பத்திரமாக இருக்கிறது. அதற்கு நானே உத்தரவாதம். பெட்டிகள் வந்து சேர்ந்த அன்றே, செயலாளரின் கடமையாக, ஒவ்வொரு தாளையும் பரிசோதித்தேன். மே பத்தொன்பதாம் தேதித் தாளில் ஒரு பூச்சி அரிப்பு இல்லை, மை துளியும் மங்கவில்லை. கோப்பையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு போன சபைத் தலைவரின் பெயரை மூக்குக்கண்ணாடி போடாமலே வாசிக்கலாம்: ஓட்டோ பிராக்ஹாஃப். தாத்தாவின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள்.