எல்லாவற்றையும் புதுப்பி

வாமோனோ பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீரை வாயருகே கொண்டுபோனான். கொஞ்ச நேரத்தில் மேசைமேல் பாடிக்கொண்டிருந்த சின்ன ரேடியோ 'உஸ்' என்றது.

ம்பாலே நகரத்துப் பண்பலை நிலையம் ஒன்றில் பாட்டையும் அறிவிப்பையும் அனுப்பும் கணினி அவன் பொறுப்பு. மென்பொருள்கள் வருஷக்கணக்காகப் பழசாகிக் கிடந்தன. ஒவ்வொன்றாகச் செய்யப் பொறுமையில்லாமல், 'எல்லாவற்றையும் புதுப்பி' என்று ஒரே அழுத்தாக அழுத்தியிருந்தான்.

திரையில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரேடியோவில்தான் வரவில்லை.

மேலாளர் நந்துத்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, ஸ்டேஷன் ஊமையாயிடுச்சு?"

"ரெண்டே நிமிஷம் மேடம்."

"சாவு அறிவிப்பு போயாகணும். நாளைக்கு அடக்கம். சொந்தக்காரங்க வெளிய உக்காந்திருக்காங்க."

புது ஒலி மென்பொருளின் வேலைதான் என்று முடிவுகட்டி, அதைப் பழைய பதிப்புக்கு இறக்கினான். அதை நம்பியிருந்த பாட்டு மென்பொருள் திறக்க மறுத்தது. அதையும் இறக்கினான். புதுப்பிக்கப்பட்ட பாட்டுக் கிடங்கு அதற்குப் புரியவில்லை. சரி, எடுத்துவைத்த நகல் இருக்கிறதே என்று போனால், நகல் மென்பொருளும் புதுசாகியிருந்தது. பழைய நகலைத் தெரியவே தெரியாது என்றது.

"இப்ப எப்படி?" என்றாள் நந்துத்து.

"முன்னாடி பாட்டு ஓடிச்சு, சத்தம் வரல. இப்ப பாட்டும் ஓடல மேடம்."

"நல்ல முன்னேற்றம். முதல்ல வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாம்."

"வேற வேலையும் பாக்கவேண்டி வரும், பாரு."

அவன் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி உண்டு. பழைய நகல் அதில் திறக்கும். போய்வர நேரம்தான் இல்லை.

அப்போது அவன் கைப்பேசி அடித்தது. மலைமேல் ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் கைன்சா.

"அண்ணே, கரண்ட் கம்பி மேல மரம் விழுந்துடுச்சு. ஒரு மணி நேரமா இங்கேருந்து ஒண்ணும் போகல. சிக்னல் தேடி இப்பத்தான் கீழ இறங்கி வந்தேன்."

"எப்ப சரியாகும்?"

"சாயங்காலம் ஆயிடும்."

வாமோனோ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். சாயங்காலம். அறிவிப்புக்கும் நேரமிருக்கிறது, மடிக்கணினிக்கும் நேரமிருக்கிறது. ஆறிப்போன தேநீர்கூட இனித்தது.

"கைன்சா, நீ நல்லாயிருக்கணும்மா."

"இருக்கட்டும்ணே. கோளாறு முழுக்க இங்கதான். சத்தம் வரலையேன்னு நீங்க பாட்டுக்கு அங்க எதையும் நோண்டிவச்சுடாதீங்க."